கூடை தூக்கிவிட்டவர்

கூடையைத் தலையில் வைத்ததும் அவர் கையை எடுத்துவிட மாட்டார். இரண்டு பக்கமும் பிடித்தபடியே, "வந்துச்சா?" என்று கேட்பார். பாரம் கழுத்துக்கு வந்து சேர்ந்துவிட்டதா என்று அர்த்தம். "வந்துச்சுண்ணே" என்று பதில் வந்தால்தான் கை விலகும். வெயில் மண்டையைப் பிளந்தாலும், வரிசையில் பத்துப் பெண்கள் காத்து நின்றாலும் அவர் கேட்காமல் விட்டதில்லை.

மரக்காணத்து உப்பளத்தில் வேலை பார்க்காதவர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். பாத்தியில் விளைந்த உப்பை ஆண்கள் மரப்பலகையால் இழுத்து வரப்போரமாகச் சேர்ப்பார்கள். அதைக் கூடையில் சுமந்து, நீள வரப்பில் நடந்து, மேட்டில் இருக்கும் அம்பாரத்தில் கொட்டுவது பெண்கள் வேலை. நிறைந்த கூடையைத் தானே தலைக்கு ஏற்றிக்கொள்ள யாராலும் முடியாது. மண்வெட்டியால் அள்ளிப் போட்டுத் தூக்கிவிட ஓர் ஆள் வேண்டும். எங்கள் வரிசைக்கு அந்த ஆள் அவர்தான். அவரைவிட மூத்தவர்களும் அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவார்கள்.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே நாலு பேர் முன்னால் பேச்சு வராது. பத்தாவது வரை படித்ததில் வகுப்பில் ஒரு நாளும் எழுந்து பதில் சொன்னதில்லை. "வந்துச்சு" என்ற ஒரு வார்த்தையைச் சத்தமாகச் சொல்லக்கூட வெட்கமாக இருக்கும். "ம்" என்பேன். அது அவர் காதுக்கு எட்டாது. முதல் வருஷம் முழுக்கத் திட்டு வாங்கினேன்.

"ஏம்மா, வாய வாடகைக்கு விட்டுட்டியா? வந்துச்சா வரலயா, சொல்லேன். கூடையைப் புடிச்சிக்கினு நான் இங்கயே குடும்பம் நடத்தவா?"

வரிசையே சிரிக்கும். நான் இன்னும் குனிந்துகொள்வேன். தலையில் கூடை இருக்கும்போது குனியக் கூடாது என்பதற்கு இன்னொரு திட்டு விழும்.

அடுத்த வருஷம் என்னிடம் மட்டும் கேட்பதை நிறுத்திவிட்டார். கூடையை வைத்து, சற்று நேரம் பிடித்திருந்து, "ம், வந்துடுச்சு" என்று அவரே சொல்லிக் கையை எடுப்பார். ஒரு தடவைகூட அது தப்பவில்லை.

யாருடைய முகத்தையும் பார்த்து அவர் பேசியதாக எனக்கு நினைவில்லை. கை கூடையில் இருக்கும், கண் எங்கள் காலில் இருக்கும். முகம் பார்க்காமலே எல்லாம் தெரிந்துகொள்வார். வரிசையில் எனக்குப் பின்னால் வருகிறவள் செல்வி. ஒரு நாள் அவளுக்கு மட்டும் வழக்கமான பக்கத்தை விட்டு இடப்பக்கமாக நின்று தூக்கிவிட்டார்.

"இன்னாண்ணே, பக்கம் மாறிட்ட?" என்றாள் செல்வி.

"எனக்குத் தோள்ல சுளுக்கு" என்றார்.

சுளுக்கு அவருக்கு இல்லை. முந்தின நாள் குடித்துவிட்டு வந்த புருஷன் செல்வியின் வலது தோளில் அடித்திருந்தான். அவள் அதை என்னிடம்கூடச் சொல்லியிருக்கவில்லை. வலி போகிறவரை, நாலு நாளும், அவர் சுளுக்குப் பிடித்தவர் போலவே தோளைச் சாய்த்துக்கொண்டு நடந்தார். டீ குடிக்கும்போதுகூட இடது கையால்தான் டம்ளரை எடுத்தார்.

நல்லவர் என்று சொன்னால் பாதிதான் சொன்னதாகும். பிடிவாதக்காரர். எதற்கும் காரணம் கேட்டால் அவருக்குப் பிடிக்காது. ஷேர் ஆட்டோக்காரர் ஒருவர் "கொஞ்சம் தள்ளி உக்காரு பெருசு" என்று சொன்னதற்காக இறங்கி, பிரம்மதேசத்திலிருந்து மரக்காணம் வரைக்கும் நடந்தே வந்தவர். உப்புக் காற்று பட்டால் கெட்டுவிடும் என்று செல்போனைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி, சாப்பாட்டுக் கேரியரின் மேல்தட்டில் வைத்து மூடிவிடுவார். வானூரில் கட்டிக்கொடுத்த மகள் போன் செய்தால் கேரியர் பாடும். யாராவது எடுக்கப் போனால், "வுடு, அதுவே ஓயும்" என்பார். மகள் ஒரு நாள் நேரிலேயே வந்து, எங்கள் எல்லார் முன்னாலும் அவரைத் திட்டிவிட்டுப் போனாள். அவர் அவள் காலைப் பார்த்து, "செருப்பு தேஞ்சிருக்குது பாரு, மாத்து" என்றார்.

கொரோனா ஓய்ந்து இரண்டு வருஷம் ஆகியிருக்கும். அந்த மாசி மாதத்தில் எங்கள் தெரு முழுக்கச் சளிக் காய்ச்சல். மறுபடியும் அதுவோ என்று முதலில் பயந்தோம். எல்லாருக்கும் நாலைந்து நாளில் விட்டுவிட்டது. எனக்கும் விட்டது. கொஞ்சம் இருமல் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. ஆறாம் நாளே அளத்துக்கு வந்துவிட்டேன். உப்பு நன்றாக விளைகிற சமயம் அது. வரிசையில் ஓர் இடம் ரொம்ப நாள் காலியாக இருக்காது. வேறொருத்தி வந்து நின்றுவிட்டால் அந்த வருஷத்துக்கு அவ்வளவுதான். என் வீட்டுக்காரர் கொத்தனார். அப்போது அவருக்கு வேலை இல்லை. அடுப்பு எரிந்தது என் கூலியில்தான்.

வேலைக்குத் திரும்பிய பத்தாம் நாளிலிருந்து உடம்பு என் பேச்சைக் கேட்கவில்லை. படுத்தால் மூச்சு முட்டியது. இரண்டு தலையணை வைத்து, பிறகு சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடி தூங்கினேன். சும்மா இருக்கும்போதே நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும். கால் வீங்கி, மெட்டி சதைக்குள் புதைந்துவிட்டது.

உப்பளத்தில் கால் வீங்குவதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டோம். நாள் முழுக்க உப்புத் தண்ணீரில் நிற்கிற கால் வீங்கத்தான் செய்யும், வெடிக்கத்தான் செய்யும். வெந்நீரில் உப்புப் போட்டுக் காலை வைக்கச் சொன்னார்கள், வைத்தேன். களைப்பு என்றேன். வேர்வையில் போன உப்பை வயிற்றுக்குள் போட்டால் தெம்பு வரும் என்பது எங்கள் வைத்தியம். மத்தியானம் கஞ்சித் தூக்கைத் திறந்ததும் பாத்தியோரத்திலிருந்து ஒரு கல்லு உப்பை எடுத்துப் போட்டுக் கலக்கிக் குடிப்போம். நான் இரண்டு கல்லாகப் போட ஆரம்பித்தேன். காய்ச்சலுக்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை. காய்ச்சல்தான் போய்விட்டதே.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, இரண்டாவது நடைக்கு என் முறை வந்தது. அவர் கூடையில் உப்பை அள்ளவில்லை. மண்வெட்டியை ஊன்றி நின்றார்.

"உனக்குத் தூக்க மாட்டேன்" என்றார்.

எங்கள் அளத்தில் அது லேசான வார்த்தை இல்லை. தூக்கிவிட ஆள் இல்லை என்றால் வேலை இல்லை. திருடியவளுக்கும், வரிசையில் கைகலப்பு செய்தவளுக்கும் சொல்கிற வார்த்தை அது. நான் சும்மாட்டைத் தலையில் வைத்தபடியே நின்றேன்.

"இன்னாண்ணே, காலங்காத்தால" என்றாள் செல்வி.

"நீ சும்மா இரு. அந்த வரப்பப் பாரு. நடக்கிற காலடித் தடம் ஒண்ணுக்கு முன்ன ஒண்ணு வுழும். இங்க ரெண்டும் பக்கத்துல பக்கத்துல கிடக்குது. மூணு எடத்துல. வெறுங்கூடையோட திரும்பி வர்றப்ப எவ நின்னு நின்னு வருவா? நேத்து ஒரு எடந்தான். இன்னைக்கு மூணு." பிறகு என் காலைப் பார்த்துச் சொன்னார். "உப்புத்தண்ணி வீக்கம் காலைல வடிஞ்சிருக்கும். உன்னுது வரும்போதே வீங்கி வருது. மூச்சு வேற வாங்குது. ஆஸ்பத்திரிக்குப் போ."

இத்தனையும் அவர் சொன்னார் என்று செல்வி பிற்பாடு சொல்லித்தான் எனக்குத் தெரியும். அன்று என் காதில் விழுந்தது தூக்க மாட்டேன் என்பது மட்டும்தான். அவருடைய தம்பி மருமகள் வேலை தேடிக்கொண்டிருந்தாள். அவளை என் இடத்தில் நிறுத்தப் பார்க்கிறார் என்று நினைத்தேன். நானே மண்வெட்டியை வாங்கிக் கூடையில் அள்ளிப் போட்டேன். "நீ தூக்கிவிடுடி" என்றேன் செல்வியிடம். அவள் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். அவளுக்குப் பின்னால் நின்றவளும் அப்படியே செய்தாள்.

அழுதுகொண்டே ரோட்டுக்கு வந்தேன். வழியில் நாலு இடத்தில் உட்கார்ந்தேன்.

விஷயம் தெரிந்ததும் என் வீட்டுக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அளத்துக்குச் சண்டைக்குப் போனார். போன வேகத்தில் திரும்பி வந்தார். பக்கத்து வீட்டு பைக் சாவி கையில் இருந்தது. "கிளம்பு, பாண்டிச்சேரி போலாம்" என்றார். அங்கே நடந்ததை வழியில் சொன்னார். இவர் கத்தி முடிக்கிற வரைக்கும் அண்ணன் காத்திருந்தாராம். பிறகு, "அடிக்கத்தான வந்த? அடி. ஆனா மொதல்ல அவள வண்டியில ஏத்திக்கினு போய் நெஞ்சப் பாக்கச் சொல்லு. ஒண்ணுமில்லன்னு சொன்னாங்கன்னா வா, நான் இங்கதான் நிப்பேன்" என்றாராம்.

ஆஸ்பத்திரியில் நெஞ்சில் ஒயர் ஒட்டிப் படம் எடுத்தார்கள். ஜெல் தடவி டிவியில் பார்த்தார்கள். டாக்டரம்மா சின்ன வயதுக்காரர். "கடைசியா எப்ப காய்ச்சல் வந்துச்சு?" என்று முதல் கேள்வியே அதைத்தான் கேட்டார்.

"அது மூணு வாரத்துக்கு முன்னாடிங்க. நல்லாயிடுச்சு" என்றார் என் வீட்டுக்காரர்.

"காய்ச்சல் நல்லாயிடுச்சு. ஆனா அந்த வைரஸ் சளியோட நிக்கல. இதயத்தோட சதையே வீங்கியிருக்கு. ரத்தத்தை இழுத்துத் தள்ற பலம் குறைஞ்சுபோச்சு. அதான் மூச்சு வாங்குது, கால்ல தண்ணி தேங்குது. எல்லாருக்கும் இப்படி ஆகாது, சில பேருக்கு ஆயிடும். சாப்பாட்டுல உப்பு எப்படி?"

"உப்பளத்துலதாங்க வேலை" என்றார் இவர். நான் கஞ்சியில் இரண்டு கல்லு போடுவதையும் சொன்னார்.

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். இந்த நிலையில் உப்பு உடம்பில் தண்ணீரை இன்னும் தேக்கும் என்றார். இன்னும் சுமை தூக்கியிருந்தால் துடிப்பு தாறுமாறாகி, நின்ற இடத்திலேயே இதயம் நின்றுபோயிருக்கலாம் என்றார். "யார் கூட்டிட்டு வரச் சொன்னது?" என்று கேட்டார். "வேலை செய்ற எடத்துல ஒருத்தருங்க" என்றார் என் வீட்டுக்காரர்.

பத்து நாள் படுக்கையில் இருந்தேன். ஒரு மத்தியானம் கண் விழித்தபோது அண்ணன் கால்மாட்டில் நின்றுகொண்டிருந்தார். வெள்ளைச் சட்டை போட்டிருந்ததால் முதலில் அடையாளம் தெரியவில்லை. போர்வைக்கு வெளியே இருந்த என் காலைப் பார்த்தார். "வடிஞ்சிடுச்சு" என்று சொல்லிவிட்டு, சாத்துக்குடிப் பையைக் கட்டில் காலில் மாட்டிவிட்டுப் போய்விட்டார். நன்றி சொல்ல வாயெடுப்பதற்குள் வார்டைத் தாண்டிவிட்டார். அவர் நின்றிருந்தாலும் நான் சொல்லியிருப்பேனா என்று தெரியவில்லை.

ஆறு மாதம் எந்தப் பாரமும் கூடாது என்றார்கள். மாத்திரையும் ஓய்வுமாக அது போனது. மழைக்காலமும் போனது. இதயம் பெரும்பாலும் தேறிவிட்டது என்றும், சுமப்பதானால் பாதிப் பாரத்துக்கு மேல் வேண்டாம் என்றும் டாக்டரம்மா சொல்லி அனுப்பினார். அடுத்த தை முடிந்து நான் அளத்துக்குத் திரும்பியபோது, செல்விக்கு முன்னால் ஓர் ஆள் நிற்கிற இடைவெளி இருந்தது. என் இடத்தில் யாரையும் அவர் சேர்க்கவில்லை. தம்பி மருமகள் வந்து கேட்டதற்கு, "ஆள் இருக்குது" என்றாராம். ஓர் ஆள் குறைவாகவே அந்த வருஷத்தை ஓட்டியிருந்தார்கள். என் பங்கு நடையை மற்றவர்கள் நடந்திருந்தார்கள்.

என் முறை வந்ததும் வெறுங்கூடையைத் தூக்கி என் தலையில் வைத்தார். வழக்கம்போலச் சற்று நேரம் பிடித்திருந்து, "ம், வந்துடுச்சு. நட" என்றார்.

வரிசை கொல்லென்று சிரித்தது. "இன்னாண்ணே, காத்த அள்ளிப் போட்டுருக்கியா?" என்றாள் ஒருத்தி.

"ஆமா, கடல் காத்து. உனக்கும் ரெண்டு வெட்டு போடவா?" என்றார்.

வெறுங்கூடையோடு அம்பாரம் வரைக்கும் நடந்து, இல்லாத உப்பைக் கொட்டுவதுபோல் கவிழ்த்துவிட்டு வந்தேன். மானம் போனது. ஒரு வாரம் அப்படித்தான். அப்புறம் மண்வெட்டியால் இரண்டு வெட்டு உப்பு, அடுத்த வாரம் மூன்று. நான் வரப்பில் எங்காவது நின்றால் மறுநாள் ஒரு வெட்டு குறையும். மத்தியானம் என் கஞ்சித் தூக்குக்குக் காவல் வேறு. "அவ தூக்குல எவளாச்சும் உப்புக்கல்லு போட்டீங்க, அவ கூடைய நான் தொட மாட்டேன்" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவைத்தார். உப்பில்லாத கஞ்சி வாயில் வைக்க முடியாது. முதல் சில நாள் அவரும் என் எதிரில் உட்கார்ந்து உப்பில்லாமல் குடித்தார். முகத்தைச் சுளித்துக்கொண்டே குடித்தார். நாலாம் நாள், "உனக்குப் பழகிடுச்சில்ல?" என்று கேட்டுவிட்டு, தன் தூக்கில் ஒரு கல்லைப் போட்டுக்கொண்டார்.

சித்திரையில் ஒரு காலை, "இன்னைக்கு முழுக்கூடை" என்று சத்தமாக அறிவித்தார். கூடை விளிம்பு வரை உப்பு நின்றது. நான் நின்று மூச்சு வாங்காமல் அம்பாரம் வரை நடந்தேன். திரும்பி வரும்போது மற்றவர்களைப் போலக் கையை வீசி நடந்தேன். பாதிதான் என்று டாக்டரம்மா சொன்னது மனசில் இருந்தது. ஆனால் வரிசையில் பாதி ஆளாக நிற்பது எனக்குப் பிடிக்கவில்லை. அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது முழுக்கூடை சுமப்பதைச் சொன்னேன். டாக்டரம்மா முகம் சுருங்கியது. மறுபடியும் படம் எடுத்துப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. "ஆச்சரியமா இருக்கு" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது.

அடுத்த மழைக்காலத்தில் அவருக்கு முழங்கால் போய்விட்டது. மகள் வானூருக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அளத்துக்கு அவர் திரும்பவில்லை. ஒன்றரை வருஷம் அங்கே இருந்து, அங்கேயே இறந்தார். வரிசையில் இருந்த எல்லாரும் வேன் வைத்துப் போய் வந்தோம். செல்வி அழுத அழுகையைப் பார்த்துச் சொந்தத் தங்கச்சி என்று நினைத்து அவளுக்கு வழிவிட்டார்கள்.

ஆனால் அவரைப் பற்றி எனக்குத் தெரிய வேண்டியது, அவர் வானூர் போன பிறகு முதன்முதலாக உப்பு வாரிய நாளிலேயே தெரிந்துவிட்டது.

தூக்கிவிடுவதற்குப் பிரம்மதேசத்துப் பக்கத்திலிருந்து ஒருவர் வந்திருந்தார். நாற்பது வயது இருக்கும், மரியாதையான மனிதர். என் முறைக்கு, பாத்தியிலிருந்து அப்போதுதான் இழுத்த உப்பை அள்ளினார். விளிம்பு நிறைந்ததும் கூடையைத் தூக்கித் தரையில் இரண்டு தட்டு தட்டினார். உப்பு இறங்கியது. மேலும் இரண்டு வெட்டு போட்டார். தூக்கி என் தலையில் வைத்தார்.

கழுத்து உள்ளே இறங்கியது. நெஞ்சு ஒரு தடவை தப்பி அடித்தது. ஓர் எட்டு எடுத்து வைக்க முடியவில்லை.

"இறக்குப்பா" என்றேன். இறக்கினார். கூடையின் அடியிலிருந்து உப்புத் தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. அதே கூடைதான். அதே விளிம்புதான்.

வரப்பின் மேல்பக்கத்தைத் திரும்பிப் பார்த்தேன். முந்தின நாள் இழுத்து வைத்த உப்பு நீர் வடிந்து காய்ந்து கிடந்தது. என் முறை வரும்போதெல்லாம் அண்ணன் இரண்டு எட்டு மேலே ஏறிப்போய் அங்கிருந்துதான் அள்ளுவார். ஈர உப்பின் தண்ணீர் என் முகத்தில் வழியக் கூடாதென்று செய்கிறார் என்றுதான் நினைத்திருந்தேன். என் கூடையை அவர் ஒரு நாளும் தரையில் தட்டியதில்லை. காய்ந்த உப்பைப் பொலபொலவென்று போட்டு, உயரத்தை மட்டும் மற்றவர்கள் கூடைக்குச் சமமாகக் காட்டி, பாரத்தைக் குறைத்திருக்கிறார். மாதக்கணக்கில் வீட்டில் கிடந்து வந்தவளுக்கு எதுவும் கனமாகத்தானே இருக்கும். எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. அன்று சாயங்காலம் வீட்டில் கேட்டபோது இன்னொன்றும் தெரிந்தது. டாக்டரம்மா ஒவ்வொரு முறை என்ன சொன்னார் என்று என் வீட்டுக்காரரிடம் அவர் தவறாமல் விசாரித்துக்கொண்டிருந்தாராம்.

வரப்பின் மேல்பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்ற என்னிடம், "இப்பத்தான் தெரியுதா?" என்றாள் பின்னால் நின்ற செல்வி. "எங்களுக்கெல்லாம் மொத நாளே தெரியும்."

"ஏண்டி சொல்லல?"

"சொன்னா, நீ பாரம் பத்தலன்னு அழுதிருப்ப."

புதியவர் எங்கள் இருவரையும் பார்த்தார். "இன்னாக்கா, முடியலயா? எல்லாருக்கும் இந்த அளவுதான் போட்டேன்."

பின்னால் பத்துப் பன்னிரண்டு பெண்கள் நின்றார்கள். அவர்களில் பாதிப் பேர் அந்த வருஷம் புதிதாக வந்தவர்கள். என் நோயைப் பற்றி ஒன்றும் தெரியாதவர்கள். தெரிந்தால் வரிசையில் சேர்க்க யோசிப்பார்கள் என்று அதுவரை நானும் அவர்களிடம் சொல்லாமல் இருந்தேன்.

"மேல கிடக்குற காஞ்ச உப்ப அள்ளுப்பா. கூடையத் தட்டாத" என்றேன். "எனக்குச் சளிக் காய்ச்சல் வந்து, அதுல நெஞ்சு வீங்கிப் போச்சு. ஆஸ்பத்திரில கிடந்து வந்தவ நான். பாதிப் பாரந்தான் எடுக்கணும்."

வரிசையின் கடைசி வரைக்கும் அது கேட்டிருக்கும். என் குரல் எனக்கே வேறு யாரோ பேசுவதுபோல் இருந்தது.

"இன்னைக்கு மட்டுமா?" என்று கேட்டார் அவர்.

"இல்லப்பா. தெனமும்."

அவர் கூடையைக் கவிழ்த்தார். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வரப்பில் இரண்டு எட்டு மேலே ஏறினார். பின்னால் ஒருத்தியும் முணுமுணுக்கவில்லை.